ஒரு மணி நேரத் தலைவி

எங்கள் வார்டு கவுன்சிலர் கோகிலவாணி, தான் கவுன்சிலர் என்பதைப் பதவியேற்று இரண்டரை வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

அவருடைய கணவர் சக்திவேல் கேம்ப் ரோட்டில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் வியாபாரம் செய்பவர். பன்னிரண்டு வருடமாகக் கவுன்சிலர் ஆவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சேலையூர் சுற்றுவட்டாரத்தில் அவர் போகாத காதுகுத்தும் கிடையாது, தோள் கொடுக்காத சாவும் கிடையாது. வெள்ளைச் சட்டைகளாகவே தைத்து பீரோவை நிரப்பி வைத்திருந்தார். கடைசியில் தேர்தல் வந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மனுஷன் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தார். மறுநாள் காலையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனபோது, அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார்.

“கோகிலா, உன் ஆதார் கார்டு எங்க கீது?” என்று கேட்டார். கோகிலவாணியின் அரசியல் பிரவேசம் இவ்வளவுதான்.

போஸ்டரில் சக்திவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு நடந்து வந்தார். வேட்பாளர் மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதன் பிறகு மனு கொண்டு வருபவர்கள் வாசல் போர்டிகோவில் சக்திவேலைப் பார்ப்பார்கள். கவுன்சிலர் உள்ளேயிருந்து டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். கவுன்சிலரின் கையெழுத்துகளையும் சக்திவேலே போட்டார். ‘கோகிலவாணி’ என்று எழுதி, கடைசி எழுத்தின் சுழியை வலப்பக்கம் நீட்டி இழுத்து, கீழே இரண்டு கோடு போட்டு, புள்ளி வைப்பார். அவருடைய சொந்தக் கையெழுத்தைவிட அதில் கம்பீரம் அதிகம். அதை ஊரில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் குடிமையியல் பாடம் எடுப்பவள் நான்.

எல்லாம் இப்படியே போயிருக்கும், எங்கள் கலங்கல் தெருவில் ஒரு சிறுபாலம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஏரி நிரம்பினால் கலங்கலைத் தாண்டி வழியும் உபரித் தண்ணீர் தெருக்கோடியில் இருக்கும் அந்தச் சிறுபாலத்துக்கு அடியில் போக வேண்டும். அடியில் இரண்டு குழாய்கள். ஒன்று மண்ணால் அடைத்துக்கொண்டது. இன்னொன்றில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய மெத்தையைச் சுருட்டிச் செருகிவிட்டுப் போயிருந்தார். அதனால் தண்ணீர் வேறு வழி இல்லாமல் எங்கள் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. போன நவம்பரில் பதினோரு நாள் நின்றது. என் வீட்டுக்கு எதிரில் பேபி தையல் கடை வைத்திருக்கிறாள். விடிந்து பார்த்தால் ஊர்ப் பெண்களின் கல்யாண ஜாக்கெட்டுகளெல்லாம் தெருவில் மிதந்துகொண்டிருந்தன. என்னுடைய மயில்கழுத்து நிற ஜாக்கெட், பக்கத்து வீட்டு ராஜாராமன் சார் காரின் வைப்பரில் மாட்டிக்கொண்டு கையாட்டியது. அதற்கெல்லாம் சிரித்துவிடலாம். ஆனால் பேபியின் அம்மா படுத்த படுக்கை. நாலு பேர் கட்டிலோடு தூக்கி என் வீட்டு மாடிக்குக் கொண்டு வந்தோம். படிக்கட்டில் கட்டில் சரிந்தபோது அந்த அம்மாள் கத்தக்கூட இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

இந்த ஆகஸ்டில் ஒரு நாள் பேபி, போர்டிகோவில் உட்கார்ந்திருந்த சக்திவேலைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போனாள். கோகிலவாணியும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

“உன் வூட்டுக்காரர்கிட்ட ரெண்டு வருசமா சொல்லிகினு கீறேன் கோகிலா. பண்லாம் பண்லாம்னு சொல்லியே அனுப்புறாரு. இந்த வாட்டி தண்ணி வந்துச்சுன்னா நான் கடையக் காலி பண்ணிகினு வாலாஜாபாத்ல அண்ணன் வூட்டுக்குப் போய்டுவேன். அம்மாவ அவ்ளோ தூரம் தூக்கிகினு போனா வழியிலயே போய்டும். தெரியும், ஆனா வேற இன்னா பண்றது? நான் ஓட்டு யாருக்குப் போட்டேன்? உனக்கா, அவருக்கா?”

இந்தக் கேள்வி அதுவரை எங்கள் வார்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கோகிலவாணி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“மாநகராட்சியில எல்லாம் ரெடி, கோகிலா. இருபது நாள் வேலை,” என்றார் சக்திவேல். “ஆனா ஏரிக் கால்வாயில கை வைக்கணும்னா ஆணையத்துல தடையில்லாச் சான்று குடுக்கணுமாம். நாலு வாட்டி உன் கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டேன். நாலு வாட்டியும் திருப்பிட்டான். பெண் தலைவர் நேர்ல வரணுமாம், புது ரூல். நான் நேர்லதான போனேன்?” இதைச் சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே மனசு நொந்திருந்தது.

ஆணையம் என்று அவர் சொன்னது ‘தென்புறநகர் மகளிர் காலநிலைத் தலைமைத்துவ ஆணையம்’. சட்டம், அரசியல், காலநிலைக் கொள்கை ஆகிய மூன்றிலும் பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவருவதற்காக ஏற்படுத்தப்பட்டது. தாம்பரத்தில் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. உறுப்பினர்கள் பதினோரு பேர். பத்து பேர் ஆண்கள். பதினோராவது இடம் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. தகுதியான பெண் கிடைக்காததால் ஆரம்பித்த நாளிலிருந்து காலியாக இருக்கிறது. ஆனால் மரியாதையில் குறை வைப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் காலி நாற்காலிக்கு முதலில் பொன்னாடை போர்த்திவிட்டுத்தான் மற்றவர்கள் போர்த்திக்கொள்வார்கள். கோகிலவாணி போனபோது நாற்காலி தெரியவில்லை, பொன்னாடைக் குவியல்தான் தெரிந்தது.

கண்காணிப்பாளர் ஏகநாதன் நேர்மையானவர். ஒரு கப் காபிகூட யாரிடமும் வாங்கியதில்லை, விதியில் இருக்கும் ஒரு காற்புள்ளியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கோகிலவாணியை உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கினார். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றிப் பார்த்தார்.

“இது உங்க கையெழுத்து இல்லையே மேடம்.”

“இன்னா சார் சொல்றீங்க? இப்ப உங்க முன்னாடிதான போட்டேன்?”

“அதைப் பார்த்தேன். அதான் எனக்கே கஷ்டமா இருக்கு. கோப்புல இருக்கிற கோகிலவாணி ரெண்டரை வருஷமா ஒரே மாதிரி போடறாங்க. சுழி, ரெண்டு கோடு, புள்ளி. எவ்வளவு கம்பீரம் பாருங்க! நீங்க போட்டதுல கோடே இல்ல.”

“அது என் வூட்டுக்காரர் போட்டது சார்.”

ஏகநாதன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். “மேடம், அப்படிச் சொல்லாதீங்க. அப்படின்னா கோப்புல இருக்கிறது எல்லாம் போலின்னு ஆயிடும். கோப்பு போலியா இருக்க முடியாது. அதனால...” மிகுந்த வருத்தத்தோடு முடித்தார். “நீங்கதான் போலியா இருக்கணும்.”

கோகிலவாணிக்குத் தலை சுற்றியது. வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்பதுகூடச் சந்தேகமாகிவிட்டது. அப்போது ஆணையத் தலைவர் ஷ்யாம்சுந்தர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது.

“வாங்க, வாங்க! உங்களை மாதிரிப் பெண்களுக்காகத்தான் இந்த ஆணையமே! ஆண்கள் ஒதுங்கி நின்று பெண்களை முன்னால் தள்ள வேண்டும் என்பது என் கொள்கை. தள்ளுவதற்கு ஆள் வேண்டாமா? அதனால்தான் பத்து பேர் இருக்கிறோம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கோவளத்துல ரெண்டு நாள் ட்ரெய்னிங் இருக்கு. அதுல சர்டிபிகேட் வாங்கிட்டா புதுசா மாதிரிக் கையெழுத்துப் பதிவு பண்ணிடலாம். துணைக்குக் கணவரையும் அழைச்சுட்டு வாங்க. ஃபுட் நல்லா இருக்கும்.”

கோவளத்தில் பயிற்சி நடந்தது கடலோர ஓட்டல் ஒன்றில். இருபது பெண் தலைவர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசை சோபாக்கள் துணைக்கு வந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன, தலைவர்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சக்திவேலுக்கு இடம் நன்றாகக் கிடைத்தது. கோகிலவாணிக்குப் பக்கத்தில் தாம்பரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் சுபத்ரா உட்கார்ந்திருந்தார். சட்டத் துறைப் பெண் தலைவர் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததும் இறைவணக்கம் பாடச் சொன்னார்கள்.

“எனக்குப் பாட வராதுன்னு சொன்னேன்க்கா,” என்றார் சுபத்ரா. “அப்ப விளக்குக்கு எண்ணெய் பார்த்து ஊத்துங்கன்னுட்டாங்க. பதினாறு வருஷமா ப்ராக்டீஸ் பண்றேன். இன்னிக்கும் கேஸ் கொண்டு வர்ற கட்சிக்காரங்க உள்ள வந்து என்னைப் பார்த்து, ‘வக்கீல் எப்பம்மா வருவாரு?’ன்னுதான் கேக்கறாங்க.”

முதல் வகுப்பு, குத்துவிளக்கு ஏற்றுதல். ஐந்து முகத்தில் நாலு முகத்தை நாலு பிரமுகர்கள் ஏற்றுவார்கள். ஐந்தாவது முகம் பெண் தலைவருக்கு. காற்றில் அணைந்துவிட்டால் பெண் தலைவர் புன்னகை மாறாமல் பிரமுகர் மறுபடி ஏற்றும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது வகுப்பு, பொன்னாடை பெறுதல். கழுத்தை எவ்வளவு வளைப்பது என்று ஒரு பேராசிரியர் படம் போட்டுக் காட்டினார். மூன்றாவது வகுப்பு, மேடையில் இரண்டு வார்த்தை பேசுதல். இது செய்முறைப் பயிற்சி. முதல் வார்த்தை ‘அனைவருக்கும்’. இரண்டாவது வார்த்தை ‘வணக்கம்’. படப்பையிலிருந்து வந்திருந்த ஒரு ஊராட்சித் தலைவி வேகத்தில் மூன்றாவது வார்த்தைக்குப் போய்விட்டார். அவருக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. கோகிலவாணிக்கு வணக்கத்துக்குப் பிறகு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, முழு மதிப்பெண் கிடைத்தது.

மத்தியானம் காலநிலை. அரங்கத்தில் ஏசியை அப்படி வைத்திருந்தார்கள், பெண் தலைவர்கள் எல்லோரும் காலையில் வாங்கிய பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கேட்டார்கள். நேரடிச் சாட்சியாக, கரையில் மீன் விற்கும் அருள்மேரி என்ற அம்மாளைக் கூடையோடு அழைத்து வந்து மேடையில் நிறுத்தினார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் போகச் சொன்னார்கள். ஆனால் மைக் அந்த அம்மாளுக்குக் கிட்டத்தில் இருந்தது.

“இந்த ஓட்டலு சுவரு கீதே சார், அங்கதான் நாங்க மீனு ஏலம் போடுவோம். கடலு அந்தப் பக்கத்துலேந்து உள்ள வந்துச்சு. நீங்க இந்தப் பக்கத்துலேந்து உள்ள வந்தீங்க. நடுவுல ஒரு சாண் எடத்துல நாங்க நின்னுகினு கீறோம். எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லிட்டு அப்புறம் போட்டோ புடிங்க.”

“அருமை!” என்று எழுந்தார் ஷ்யாம்சுந்தர். “இதைத்தான் நாங்கள் சமநிலை என்கிறோம்!” கைதட்டினார்கள். அருள்மேரிக்கு ஒரு மரக்கன்று கொடுத்து அனுப்பினார்கள். அந்த மணலில் அது பிழைக்காது என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மைக்கை நகர்த்திவிட்டார்கள்.

மறுநாள் நிறைவாக ‘பெண்ணே, நீ பேசு’ என்ற தலைப்பில் ஷ்யாம்சுந்தர் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். “என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்றாலும், இந்த இருபத்தைந்து வருடத்தில் மூன்றே முறைதான் எடுத்திருக்கிறேன்!” என்றபோது முன்வரிசையில் பலத்த கைதட்டல். பெண்கள் கேள்வி கேட்பதற்காக ஒதுக்கிய நேரம் அதற்குள் முடிந்துவிட்டது.

சான்றிதழோடு கோகிலவாணி மறுபடி மூன்று மாடி ஏறினார். ஏகநாதன் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். சான்றிதழில் ‘திருமதி சக்திவேல்’ என்று அச்சடித்திருந்தது.

“பயிற்சி எடுத்தது திருமதி சக்திவேல். கவுன்சிலர் கோகிலவாணி. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு கோகிலவாணியே எழுதிக் குடுக்கணும் மேடம்.”

“குடுக்கறேன் சார்.”

“கோப்புல இருக்கிற கையெழுத்துல குடுக்கணும்.”

அன்று மாலை கோகிலவாணி பேபியின் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார். நானும் இருந்தேன். “அசிங்கமா கீது பேபி,” என்றார். “நான் நான்தான்னு சொல்றதுக்கு என் வூட்டுக்காரர் கையெழுத்து போடணுமாம். உள்ள உங்கம்மா மொகத்தப் பாக்கவே கூச்சமா கீது.” பேபி மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். அவள் பழைய துணி மூட்டைகளை ஏற்கெனவே கட்ட ஆரம்பித்திருந்தாள். செப்டம்பர் முடியப் போகிறது. ஐப்பசி மழை யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காது. கோகிலவாணி அழுதார். இத்தனை நாள் சும்மா இருந்த என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இந்த நேரத்தில்தான் ஆணையத்தின் ஆண்டு விழா வந்தது. விழாவின் முக்கிய நிகழ்ச்சி, ‘தலைமைப் பொறுப்பு ஒப்படைப்பு’. ஒரு பெண்ணைத் தலைவர் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் படம் எடுத்து, அந்தப் படத்தை வருடம் முழுவதும் எல்லாக் கடிதத்திலும் அச்சடிப்பது வழக்கம். இந்த வருடம் யார் என்ற கேள்விக்கு ஷ்யாம்சுந்தர் உடனே பதில் சொன்னார். “அந்தக் கலங்கல் தெரு அம்மா. ரெண்டு வார்த்தையில நிறுத்தினாங்க பாருங்க, அது ஒரு ஆளுமை!”

போன வருடம் ஒரு பத்திரிகை இதை ‘வெறும் பெயரளவு’ என்று எழுதியதில் அவருக்கு மனவருத்தம் இருந்தது. “ஆர்டரை வெயிட்டா போடுங்க ஏகநாதன்,” என்றார். ஏகநாதன் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்ல. ‘முற்பகல் 11 முதல் 12 மணி வரை, ஆணையத் தலைவருக்குரிய அனைத்து அதிகாரங்களுடனும்’ என்று முறைப்படி உத்தரவு தயாரித்து, எண் போட்டு, ஷ்யாம்சுந்தரிடமே கையெழுத்து வாங்கினார். அதை அப்படியே அழைப்பிதழிலும் அச்சடித்தார்கள்.

அழைப்பிதழ் கைக்கு வந்ததும் சுபத்ரா போன் செய்தார். “அக்கா, ஆர்டரைப் படிச்சீங்களா?”

“படிச்சேன். என் பேரு சின்னதா போட்டுக்கீறாங்க.”

“பேரை விடுங்க. அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு பாருங்க. அந்த ஒரு மணி நேரத்துல அவர் என்னென்ன செய்யலாமோ, அதெல்லாம் நீங்களும் செய்யலாம்.”

“அது சும்மா போட்டோக்குத்தாம்மா.”

“போட்டோவுக்குன்னு ஆர்டர்ல இல்லியேக்கா,” என்றார் சுபத்ரா. கோர்ட்டில் பேசும் குரல் அது. கோகிலவாணி அந்த வரியை இன்னொரு தடவை படித்தாராம். பிறகு, “அங்க பேனா குடுப்பாங்களா, நான் எடுத்துகினு போவணுமா?” என்று கேட்டாராம்.

விழா தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கூட்டம் சேர்க்க எங்கள் தெருப் பெண்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேபியும் நானும் நடு வரிசையில் இருந்தோம். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். பத்து உறுப்பினர்களும் வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முகம் இல்லாமல் கொண்டை மட்டும் போட்ட ஒரு பெண் உருவம், கையில் உலக உருண்டை. விளக்கு ஏற்றினார்கள். பொன்னாடைகள் போர்த்தினார்கள். சரியாகப் பதினொரு மணிக்கு ஏகநாதன் பொறுப்பேற்புப் பதிவேட்டை நீட்டினார். கோகிலவாணி கையெழுத்துப் போட்டார். நாதஸ்வரம் வாசித்தார்கள், நாற்காலியில் உட்கார வைத்தார்கள், படம் எடுத்தார்கள். தலைவர் மேஜை வேலை நடக்கும் மேஜை மாதிரி தெரிய வேண்டும் என்று கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏகநாதனுக்குக் கைக்குக் கிட்டத்தில் இருந்தவை நிலுவைக் கோப்புகள்தான். அலுவலகத்தில் இருந்தவையே அவைதான்.

ஷ்யாம்சுந்தர் மைக்கைப் பிடித்தார். ஒரு மணி நேரத்தையும் தானே நிரப்பிவிடும் உத்தேசத்தோடு, ஆதிகாலத்தில் மனிதன் குகையில் வாழ்ந்ததிலிருந்து தொடங்கினார். அவர் தீயைக் கண்டுபிடித்த இடத்தில், மேஜை மேல் அலங்காரத்துக்கு வைத்திருந்த மணியை கோகிலவாணி டிங்கென்று அடித்தார்.

முப்பது வருடம் மணிச் சத்தத்துக்கு எழுந்த உடம்பு. ஏகநாதன் தன்னையறியாமல் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

“இதுல எங்க தெரு சிறுபாலம் ஃபைல் கீதா சார்?”

இருந்தது. நாலு தடவை திரும்பி வந்த கோப்பு என்பதால் மேலாகவே இருந்தது. ஏகநாதன் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். கோகிலவாணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ‘தடையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்வரிசையிலிருந்த சக்திவேல் கையெழுத்து என்றதும் பழக்க தோஷத்தில் எழுந்து, பேனாவைத் திறந்துகொண்டே மேடையேறிவிட்டார். ஏகநாதன் குறுக்கே கை நீட்டினார்.

“சார், நீங்க போடக்கூடாது. மாதிரிக் கையெழுத்து இன்னிலேருந்து மாறிடுச்சு.” பொறுப்பேற்புப் பதிவேட்டைத் திறந்து இந்தக் கையெழுத்தோடு ஒப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு அரசாங்க ஊழியரை நான் பார்த்ததில்லை. “ஒத்துப்போகுது மேடம்!” என்றார். பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதி, ஓங்கிக் குத்தினார்.

“அதிகாரத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள்! எடுத்துக்கொள்ள வேண்டும்!” என்று அதே நேரம் மைக்கில் முழங்கினார் ஷ்யாம்சுந்தர். மண்டபமே அதிரும்படி எங்கள் தெருப் பெண்கள் கைதட்டினோம். பேபி விசில் அடித்தாள். தனக்குத்தான் என்று நினைத்து அவர் கண்கலங்கிக் கும்பிட்டார்.

விஷயம் அவர் காதுக்கு எட்டியபோது பதினொன்றே கால் இருக்கும். மைக்கை மூடிக்கொண்டு ஏகநாதனிடம் சீறினார். “யோவ், இது அடையாளத்துக்குய்யா!”

“அடையாளம்னு ஆர்டர்ல இல்ல சார். வெயிட்டா போடச் சொன்னீங்க.”

“கேன்சல் பண்ணு!”

“பண்ணலாம் சார். ஆனா பன்னண்டு வரைக்கும் தலைவர் அவங்க. அவங்கதான் கையெழுத்துப் போடணும்.”

“பன்னண்டுக்கு அப்புறம்?”

“கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்தணும். இருபத்தோரு நாள் நோட்டீஸ் குடுக்கணும் சார். பெண் உறுப்பினருக்கும் குடுக்கணும். அவங்க இன்னும் நியமிக்கப்படலை.” இதையும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே கலங்கல் தெருவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மெத்தையை வெளியே இழுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். இரட்டைக் கட்டில் மெத்தை. சக்திவேல் சொந்தப் பொறுப்பில் சிமெண்டும் கம்பியும் இறக்கிவிட்டு, ஓரமாக நின்று மனைவி மேஸ்திரியிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் திருத்தப் பார்த்தார். கோகிலவாணி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் டீ வாங்கி வரப் போய்விட்டார். பத்தொன்பதாம் நாள் வேலை முடிந்தது.

நவம்பர் முதல் வாரம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. நாங்கள் எல்லோரும் குடையோடு தெருக்கோடியில் நின்று பார்த்தோம். தண்ணீர் ரோட்டு விளிம்பு வரை ஏறியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இரண்டு குழாய்க்குள்ளும் குபுகுபுவென்று இறங்கிப் போக ஆரம்பித்தது. பேபிதான் முதலில் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே கோகிலவாணியின் முதுகில் நாலு அடி போட்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டிய மூட்டைகளைப் பிரித்தாள். தீபாவளிக்கே தர வேண்டிய என் ஜாக்கெட்டை அன்று சாயங்காலம் தைத்துக் கொடுத்தாள். கை கொஞ்சம் இறுக்கம்.

ஆணையம் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து வார்டுகளிலிருந்து பதினேழு பெண் கவுன்சிலர்கள் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு விண்ணப்பித்திருந்தார்கள். எல்லோரும் மழைநீர்க் கால்வாய் பட்டியலை இணைத்திருந்தார்கள். ஆணையம் அவசரமாகக் கூடி, இந்தப் போக்கு பெண் தலைமைத்துவத்தையே பாதிக்கும் என்று கவலை தெரிவித்தது. இனிமேல் நாற்காலியில் அமரும் பெண்மணிக்குப் பேனா வழங்குவதில்லை என்று கொள்கை முடிவு எடுத்தது. கோகிலவாணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ‘மரியாதை நிமித்தம் அமர வைக்கப்பட்ட நாற்காலியைத் தாங்கள் பயன்படுத்தியது ஏன்? ஏழு நாட்களுக்குள் பதில் தரவும்.’

சக்திவேல் அரண்டுபோய், “நான் எழுதிக் குடுக்கட்டா கோகிலா?” என்றார்.

“வேணாம், நானே எழுதறேன். நீங்க அந்தப் பருப்ப மட்டும் எறக்கி வைங்க,” என்றார் கோகிலவாணி. சமையலறை மேடையிலேயே தாளை வைத்து எழுதினார். பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை. பதில் இதுதான்:

‘ஐயா, வணக்கம். மழை வரப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்திருந்தீர்கள். ஆனால் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்கு இவ்வளவு வருடம் எதற்கு என்று எனக்கும் விளங்கவில்லை. மீதி ஐம்பது நிமிடமும், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் போலவே, ஒன்றும் செய்யாமல்தான் உட்கார்ந்திருந்தேன். இப்படிக்கு, கோகிலவாணி.’